லேப்டாப் திரையின் நிறத்தைத் திருத்தும் முன், யார் கெடுக்கிறார்கள் என்று பாருங்கள்

கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்கள், இணையத்தில் சேலை விற்பவர்கள், யூடியூபுக்கு வீடியோ எடிட் செய்பவர்கள் என்று யாரிடம் பேசினாலும் ஒரு வாசகம் தவறாமல் வரும்: "என் லேப்டாப்ல நல்லாத்தான் இருந்துச்சு." அச்சடித்து வந்த படம் இருட்டாக இருக்கிறது. ஃபோனில் பார்த்தால் முகம் எல்லாம் ஆரஞ்சு. அரக்குச் சேலை வாங்கியவர், படத்தில் பார்த்த நிறம் இது இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்.

அடுத்து நடப்பதும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். கிராஃபிக்ஸ் கன்ட்ரோல் பேனலைத் திறந்து பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன் மூன்றையும் கண்ணுக்குத் தோன்றியபடி இழுப்பார்கள். போதவில்லை என்றால் திரையின் நிறத்தைச் சீர்செய்ய விண்டோஸில் இருக்கும் கேலிபிரேஷன் கருவியை ஓட்டுவார்கள். அதுவும் சரிவராவிட்டால், அதே மாடல் லேப்டாப் வைத்திருக்கும் யாரோ பகிர்ந்த, திரையின் நிறக் குணத்தைக் குறிக்கும் புரொஃபைல் கோப்பை இறக்கிப் போடுவார்கள். இந்த மூன்றும் சில நேரம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன, சில நேரம் ஒன்றை ஒன்று அழிக்கின்றன. கடைசியில் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாத நிலை வந்துவிடுகிறது.

லேப்டாப்பில் நிறக் கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி பேனலின், அதாவது படத்தைக் காட்டும் திரைத் தகட்டின், குற்றம் அல்ல என்பது என் உறுதியான கருத்து. படக்கோப்புக்கும் உங்கள் கண்ணுக்கும் நடுவில் நிறத்தில் கைவைக்கும் இடங்கள் பல இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத்தான் கேலிபிரேஷனுக்கு வர வேண்டும். வரிசை மாறினால் விலை உயர்ந்த அளவீட்டுக் கருவி வைத்திருந்தாலும் பயன் இல்லை.

எண் வேறு, நிறம் வேறு

ஒரு படத்தில் ஒரு புள்ளிக்கு சிவப்பு 200, பச்சை 30, நீலம் 40 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது வெறும் உத்தரவு. "உன்னிடம் உள்ள சிவப்பை 200 அளவு ஏற்று" என்கிறது, அவ்வளவுதான். உங்கள் பேனலின் சிவப்பு எப்படிப்பட்ட சிவப்பு என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவை முன்வைத்தன. 1999-இல் அது சர்வதேசத் தரமானது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எந்த இடத்தில் இருக்க வேண்டும், வெள்ளை என்பது சுமார் 6500 கெல்வினில் (வெள்ளையின் சாயலைச் சொல்லும் அளவு, எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்) இருக்க வேண்டும், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் வளைவு ஏறக்குறைய 2.2 காமாவாக இருக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. இணையத்தில் எந்தக் குறிப்பும் ஒட்டாமல் கிடக்கும் படங்கள் எல்லாம் இந்த அளவில்தான் இருக்கின்றன என்று கொள்வதே வழக்கம்.

எந்தத் திரையும் அந்த அளவுக்கு அச்சுப் பிசகாமல் தயாராவதில்லை. அந்தப் பிசகைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் ஒன்று என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. மளிகைக் கடைத் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லை வைத்து முள்ளை நடுவுக்குக் கொண்டுவருவது ஒரு வேலை. "இந்தத் தராசு கிலோவுக்கு 50 கிராம் குறைத்துக் காட்டும்" என்று எழுதி ஒட்டிவைப்பது இன்னொரு வேலை. முதலாவது கேலிபிரேஷன். திரையையே மாற்றுகிறது. இரண்டாவது புரொஃபைல். திரையை அது தொடுவதில்லை, திரையின் குணத்தைக் குறித்துவைக்கிறது. அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்தான் கணக்கைத் திருத்திக்கொள்ள முடியும்.

1993-இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஐசிசி என்ற அமைப்பு இந்தச் சீட்டின் வடிவத்தை வகுத்தது. நடைமுறையில் சிக்கல் என்னவென்றால், கேலிபிரேஷன் வளைவுகளும் (ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு மாற்ற வேண்டும் என்ற திருத்தக் கணக்கு) புரொஃபைலும் ஒரே கோப்புக்குள் வைக்கப்படுகின்றன. லாகின் ஆகும்போது அந்த வளைவுகளை இயங்குதளம் எடுத்து கிராஃபிக்ஸ் சிப்பில் ஏற்றிவிடும். அது டெஸ்க்டாப், வீடியோ, கேம் என்று எல்லாவற்றையும் பாதிக்கும். புரொஃபைல் பகுதியையோ ஃபோட்டோஷாப், லைட்ரூம், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மாதிரி படிக்கத் தெரிந்த மென்பொருள்கள் மட்டுமே பயன்படுத்தும். விண்டோஸின் வால்பேப்பரும் பல வீடியோ பிளேயர்களும் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரே படம் ஒரே திரையில் இரண்டு ஜன்னல்களில் இரண்டு நிறமாகத் தெரிவதன் காரணம் இதுதான்.

ஸ்கிரீன்ஷாட் சொல்லும் சாட்சி

கோளாறு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம், இரண்டு சோதனை போதும்.

முதலாவது, லேப்டாப்பை அணைத்துவிட்டு, விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய பயாஸ் திரைக்குள் போய்ப் பாருங்கள். அங்கே விண்டோஸ் இல்லை, டிரைவர் இல்லை, புரொஃபைல் இல்லை. அங்கேயே வெள்ளை எழுத்து நீலம் பாய்ந்தோ மஞ்சளாகவோ தெரிந்தால் அது பேனலின் இயல்பு. அங்கே சுத்தமாக இருந்து விண்டோஸுக்குள் வந்ததும் மாறினால், குற்றவாளி உள்ளே இருக்கும் மென்பொருள்.

இரண்டாவது, சந்தேகப்படும் படத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோனுக்கு அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது கிராஃபிக்ஸ் சிப்பின் கடைசி வளைவுகளுக்கு முன்னால் எடுக்கப்படும் நகல். இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட், கேலிபிரேஷன் வளைவு, பேனலின் சாயல் எதுவும் அதில் பதிவதில்லை. மஞ்சள் ஃபோனுக்குப் போகவில்லை என்றால் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். ஃபோனிலும் மஞ்சளாகவே வந்தால், படத்தைத் திறந்த மென்பொருள் ஒரு தவறான புரொஃபைலைப் படித்துக் கணக்கு போட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கடைசி நிலை மிகவும் சகஜம். டெஸ்க்டாப் வெள்ளையாக இருக்கும், பிரவுசர் ஓரளவு சரியாக இருக்கும். விண்டோஸின் ஃபோட்டோஸ் செயலியில் படத்தைத் திறந்தால் மட்டும் பின்னணியில் உள்ள வெள்ளைச் சுவர் பாலாடை நிறத்துக்கு மாறிவிடும். பெரும்பாலும் தயாரிப்பாளரின் டிரைவரோடு வந்து சேர்ந்த புரொஃபைல் அந்தப் பேனலுக்குப் பொருந்தாததுதான் காரணம். ஸ்டார்ட் மெனுவில் கலர் மேனேஜ்மென்ட் என்று தேடித் திறந்து, உங்கள் டிஸ்ப்ளேயைத் தேர்ந்தெடுத்து, அந்தத் திரைக்கு என் அமைப்புகளைப் பயன்படுத்து என்னும் கட்டத்தை டிக் செய்து, பட்டியலில் எஸ்ஆர்ஜிபி புரொஃபைலைச் சேர்த்து அதையே டிஃபால்ட் ஆக்கிப் பாருங்கள். செயலியை மூடித் திறந்ததும் மஞ்சள் போய்விட்டால் நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. சாதாரணத் திரையில் அப்படியே விட்டுவிடலாம். நிறம் முக்கியமான வேலை என்றால் பின்னர் அளந்து உருவாக்கிய புரொஃபைலை அந்த இடத்தில் வைக்க வேண்டும்.

கைவைப்பவர்கள் பட்டியல்

நைட் லைட் எல்லோருக்கும் தெரியும். 2017-இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது. மாலையானதும் தானாக ஏறும்படி வைத்துவிட்டு மறந்துபோய், ராத்திரி உட்கார்ந்து கலர் திருத்துபவர்கள் நிறையப் பேர். அதே வேலையைச் செய்யும் எஃப்.லக்ஸ் செயலியைத் தனியாகப் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். தயாரிப்பாளர்கள் கொடுக்கும் ஐ கேர், விவிட், சினிமா போன்ற மோடுகள் இன்னொரு அடுக்கு. கிராஃபிக்ஸ் கன்ட்ரோல் பேனலில் சாச்சுரேஷனை ஏற்றும் வசதி மற்றொன்று.

அதிகம் பேர் கவனிக்காதது மின்சாரச் சிக்கனம். இன்டெல் சிப்களில் டிபிஎஸ்டி என்றும், ஏஎம்டியில் வேரி-பிரைட் என்றும் ஒரு வசதி உண்டு. திரையில் ஓடும் படம் இருட்டாக இருந்தால் திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட்டைக் குறைத்து, அதை ஈடுகட்டப் படத்தின் எண்களை ஏற்றிவிடும். பேட்டரி மிச்சமாகிறது, நிறம் நிலையில்லாமல் போகிறது. சோதிப்பது சுலபம்: சார்ஜரைக் கழற்றிவிட்டு, முழுக் கறுப்பு ஜன்னலிலிருந்து வெள்ளை ஜன்னலுக்கு மாறிப் பாருங்கள். வெள்ளை ஒரு நொடி தயங்கி மெதுவாக ஏறினால் அந்த வசதி இயங்கிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 11-இல் டிஸ்ப்ளே அமைப்புகளில் பிரைட்னஸுக்குக் கீழேயே, உள்ளடக்கத்தைப் பொறுத்து வெளிச்சத்தை மாற்றும் தேர்வு இருக்கிறது. அதையும், சென்சாரை வைத்துத் தானாக மாறும் பிரைட்னஸையும் அணைத்துவிட வேண்டும். இவை இயங்கும்போது அளவீட்டுக் கருவியை வைத்தால், கருவி அளக்கும் ஒவ்வொரு நிறக்கட்டத்துக்கும் பேக்லைட் மாறிக்கொண்டே இருக்கும். அப்படிப் பிறக்கும் புரொஃபைல் குப்பைதான்.

ஹெச்டிஆர் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே அதிக வீச்சைக் காட்டும் முறை) வசதியுள்ள திரையில் அதை இயக்கிவைத்தே சாதாரண வேலையைச் செய்பவர்களும் உண்டு. சாதாரணப் படங்களும் டெஸ்க்டாப்பும் அப்போது நிழல் பகுதிகள் வெளிறி, உயிரில்லாமல் தெரியும். ஹெச்டிஆர் வீடியோ பார்க்கும்போது மட்டும் இயக்குங்கள். புகைப்படம் திருத்த உட்காரும்போது அணைத்துவிடுங்கள்.

இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்களுக்கென்று ஒரு தனிக் கதை இருக்கிறது. என்விடியா கார்டு இருக்கிறதே என்று என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் அங்கே டிஸ்ப்ளே பிரிவே காணோம். ஏனென்றால் பல மாடல்களில் உள்திரையின் இணைப்பு செல்வது பிராசசரோடு இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்புக்குத்தான். என்விடியா கணக்கைப் போட்டுக் கொடுக்கிறது, திரைக்கு அனுப்புவது மற்றது. ஆகவே நிற அமைப்புகளை இன்டெல், ஏஎம்டி செயலிகளில் தேட வேண்டும். சில கேமிங் லேப்டாப்களில் இந்த இணைப்பையே மாற்றிக்கொள்ளும் மக்ஸ் சுவிட்ச் உண்டு. அதை மாற்றினால் விண்டோஸுக்கு அது வேறொரு திரை இணைப்பு, பழைய கேலிபிரேஷன் கூடவே வரும் என்று நம்ப முடியாது.

தூங்கி எழுந்ததும் நீலம்

"கேலிபிரேட் செய்தேன், நன்றாக இருந்தது, மூடித் திறந்ததும் பழையபடி நீலமாகிவிட்டது" என்பதும் அடிக்கடி காதில் விழும் புகார். புரொஃபைல் எங்கும் போகவில்லை. சிப்பில் ஏற்றியிருந்த வளைவுகள் மட்டும் அழிந்துவிட்டன. லேப்டாப் தூங்கி எழும்போதும், கிராஃபிக்ஸ் டிரைவர் ஒரு கணம் விழுந்து எழும்போதும், முழுத்திரை கேம் ஒன்று தன் காமாவை ஏற்றும்போதும் இது நடக்கும்.

விண்டோஸ் 7 முதலே இதற்கு உள்ளே ஒரு வழி இருக்கிறது. கலர் மேனேஜ்மென்ட் ஜன்னலில் அட்வான்ஸ்டு பிரிவுக்குப் போய், சிஸ்டம் டிஃபால்ட்டை மாற்றும் பொத்தானை அழுத்தினால் அதேபோல் இன்னொரு ஜன்னல் திறக்கும். அதன் அட்வான்ஸ்டு பிரிவில், விண்டோஸ் டிஸ்ப்ளே கேலிபிரேஷனைப் பயன்படுத்து என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். இது லாகினில் வளைவுகளை ஏற்றும், ஆனால் நடுவில் அழிந்தால் ஒவ்வொரு முறையும் பார்த்து மீண்டும் ஏற்றும் என்று சொல்ல முடியாது. டிஸ்ப்ளேகால் என்ற இலவச அளவீட்டு மென்பொருளோடு வரும் புரொஃபைல் லோடர் பின்னணியில் உட்கார்ந்து வளைவுகளைக் காவல் காக்கும். அதைப் போட்டால் விண்டோஸின் கட்டத்தை எடுத்துவிடுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு பேர் வேண்டாம். தயாரிப்பாளரின் நிறச் செயலியும் ஓடிக்கொண்டிருந்தால் அது மூன்றாவது ஆள். மூன்று பேரும் ஒரே இடத்தில் எழுத முயல, யார் கடைசியாக எழுதினாரோ அவர் நிறம்தான் திரையில் தெரியும்.

பேனல் கொடுக்காததை யாரும் கொடுக்க முடியாது

தனியாக வாங்கும் மானிட்டரில் பொத்தான்கள் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் மானிட்டருக்குள்ளேயே ஏற்றி இறக்கலாம். லேப்டாப்பின் உள்திரையில் பெரும்பாலும் நம் கைக்கு எட்டுவது பேக்லைட்டின் வெளிச்சம் ஒன்றுதான். மற்ற எல்லாத் திருத்தமும் கிராஃபிக்ஸ் சிப்பில் எண்களைக் குறைப்பதால்தான் நடக்கிறது. கூட்ட வழியில்லை, குறைக்க மட்டுமே முடியும்.

இதன் விளைவைக் கிட்டத்தில் பார்ப்போம். பேனலின் இயல்பான வெள்ளை நீலம் பாய்ந்து 7500 கெல்வினுக்கு அருகில் இருக்கிறது என்று வையுங்கள். அதை 6500-க்குக் கொண்டுவர நீலத்தைக் குறைக்க வேண்டும். நீலத்தின் உச்சம் 255-லிருந்து 215-க்கு இறங்குகிறது என்று கொண்டால், 256 படிகள் இருந்த ஏணியில் இப்போது 216 படிகள். 40 படிகள் போயிற்று. விலை குறைந்த பேனல்கள் பல 6 பிட் கொண்டவை. நிறத்துக்கு 64 படிகள்தான், மொத்தம் 2,62,144 நிறங்கள். மீதியை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி 1.67 கோடி போலத் தோன்றவைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஏணியில் படிகளை வெட்டினால், அந்திவானத்தின் மெல்லிய நிறமாற்றம் பட்டை பட்டையாக உடைந்து நிற்கும். வெளிச்சமும் கொஞ்சம் போய்விடும்.

அதனால் உள்திரையின் வெள்ளை 6200-க்கும் 7000-க்கும் நடுவில் இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது என் முடிவு. மென்பொருளில் வெண்மைப் புள்ளிக்கு இயல்பானதைத் தேர்ந்தெடுத்து, சாம்பல் நிறங்களின் சமநிலையையும் காமாவையும் மட்டும் திருத்துங்கள். தனியாக ஒரு திரையைப் பார்க்கும் கண் சில நிமிடங்களில் அந்த வெள்ளைக்குப் பழகிவிடும். பக்கத்தில் இன்னொரு மானிட்டர் வைத்து இரண்டையும் ஒத்துப் பார்க்கும் வேலை என்றால்தான் 6500-க்கு வம்படியாக இழுக்கும் அவசியம் வருகிறது.

நிற வீச்சு, அதாவது பேனலால் காட்ட முடிந்த நிறங்களின் பரப்பு, அதைவிடப் பெரிய எல்லை. மலிவு விலை லேப்டாப்களின் விவரக் குறிப்பில் 45% என்டிஎஸ்சி என்று ஒரு வரி இருக்கும். 1953-இல் அமெரிக்கக் கலர் டிவிக்கு வகுத்த அளவோடு ஒப்பிட்ட கணக்கு அது. அந்த அளவில் 72% இருந்தால்தான் பரப்பளவில் எஸ்ஆர்ஜிபிக்கு ஏறக்குறைய சமம். 45% என்றால் எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அந்தத் திரையில் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத்தான் வரும். எந்தப் புரொஃபைலும் இல்லாத சிவப்பை உண்டாக்காது. இங்கே நடக்கும் விபரீதம் இதுதான்: எடிட் செய்பவர் சிவப்பு போதவில்லை என்று சாச்சுரேஷனை ஏற்றுகிறார். அவர் திரையில் முகூர்த்தச் சேலை இப்போதுதான் சரியான சிவப்பைத் தொடுகிறது. வாடிக்கையாளர் நல்ல ஃபோனில் திறந்தால் ஜரிகைக் கோடுகள், மடிப்பு நிழல்கள் எல்லாம் கரைந்து சேலை ஒரே செந்நிறத் திட்டாக எரிகிறது. இப்படிப்பட்ட திரையில் கண்ணை நம்பாமல், படத்தின் எண்கள் எங்கே குவிந்திருக்கின்றன என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தையும் எண்களையும் பாருங்கள். சிவப்பு 255-இல் முட்டிக்கொண்டு நின்றால், திரையில் எவ்வளவு மங்கலாகத் தெரிந்தாலும் மேலே ஏற்றாதீர்கள். நிறமே தொழில் என்றால் எஸ்ஆர்ஜிபியை முழுக்கக் காட்டும் ஒரு சாதாரண ஐபிஎஸ் மானிட்டரை வெளியே இணைத்துக்கொள்வது, அந்த லேப்டாப்போடு மல்லுக்கட்டுவதைவிட மேல்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சிக்கல். இப்போது வரும் ஓலெட் லேப்டாப்கள் டிசிஐ-பி3 என்னும் சினிமா வீச்சை ஏறக்குறைய முழுதாகக் காட்டுகின்றன. அது எஸ்ஆர்ஜிபியைவிடப் பரப்பில் கால் பங்கு அளவு பெரியது. சீட்டைப் படிக்காத மென்பொருள் "சிவப்பு 255" என்ற உத்தரவை அப்படியே அனுப்ப, திரை தன்னிடம் உள்ள மிக அடர்ந்த சிவப்பைக் காட்டுகிறது. முகங்கள் வெயிலில் வெந்ததுபோல் தெரிகின்றன. "ஓலெட் என்றால் அப்படித்தான், நிறம் தூக்கலாக இருக்கும்" என்று பலர் ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஏற்க வேண்டியதில்லை. தயாரிப்பாளரின் செயலியில் எஸ்ஆர்ஜிபி மோடு இருந்தால் இணைய வேலைக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-இல் 2022-ஆம் ஆண்டு அப்டேட்டிலிருந்து, வசதியுள்ள லேப்டாப்களில் தானியங்கிக் கலர் மேனேஜ்மென்ட் என்ற தேர்வு வருகிறது. அது டெஸ்க்டாப்பையும் சேர்த்துக் கட்டுக்குள் கொண்டுவரும். ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துபவர்கள் அதன் உள்ளமைப்புப் பக்கத்தில் கலர் மேனேஜ்மென்ட் மோடின் மதிப்பு 2 என்று இருந்தால் 1 ஆக்கலாம். புரொஃபைல் ஒட்டாத படங்களும் பக்கத்தின் நிறங்களும் அப்போது எஸ்ஆர்ஜிபியாகக் கொள்ளப்படும்.

ஒரு எச்சரிக்கை. எஸ்ஆர்ஜிபி மோடை இயக்கிவிட்டு, விண்டோஸில் அகல வீச்சுக்கான புரொஃபைலை அப்படியே விட்டுவைத்தால் ஒரே திருத்தம் இரண்டு முறை நடக்கும். ஃபோட்டோஷாப்பில் எல்லாம் சோகை பிடித்தாற்போல் வெளிறும். மோடு மாறினால் புரொஃபைலும் மாற வேண்டும்.

அளப்பது

விண்டோஸுக்குள் இருக்கும் கேலிபிரேஷன் கருவியில் காமா கட்டம் ஓரளவு உபயோகமானது. கோட்டிலிருந்து சட்டை பிரிந்து தெரியும்படி வெளிச்சம் வைக்கும் கட்டமும் பரவாயில்லை. மூன்று ஸ்லைடர்களை நகர்த்தி சாம்பல் நிறத்தைச் சமன்செய்யச் சொல்லும் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். கண் ஒரு நிமிடத்துக்குள் எந்தச் சாயலுக்கும் பழகிக்கொள்ளும் உறுப்பு. அதை வைத்துச் சாம்பலை நிர்ணயிக்க முடியாது.

நம்பகமான வழி, திரையின் மேல் வைத்து நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் என்ற கருவி. முன்பு எக்ஸ்-ரைட் பெயரில் வந்து இப்போது கேலிபிரைட் பெயரில் விற்கும் கருவிகள், டேட்டாகலரின் ஸ்பைடர் வரிசை ஆகியவை பரவலாகக் கிடைப்பவை. ஊரில் நான்கு ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். தினம் தேவைப்படும் பொருள் அல்ல. மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கிரேம் கில் எழுதிய ஆர்கில் சிஎம்எஸ்ஸும், அதற்கு முகப்பாக ஃப்ளோரியன் ஹோக் உருவாக்கிய டிஸ்ப்ளேகாலும் இலவசம். டிஸ்ப்ளேகாலின் மூல வடிவம் பைத்தான் 2-இல் எழுதப்பட்டு நின்றுபோனது. ஆர்வலர்கள் அதை பைத்தான் 3-க்கு மாற்றி நடத்திவருகிறார்கள்.

அளக்கும் முன் சார்ஜரைச் செருகி, திரையை அரை மணி நேரம் எரியவிடுங்கள். பேக்லைட் சூடேறி நிலைபெற வேண்டும். வேலை செய்யும் வெளிச்சத்தை முதலில் தீர்மானித்து, பிரைட்னஸ் எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். புரொஃபைல் அந்த வெளிச்சத்துக்குத்தான் சொந்தம். டிஎன் என்ற பழைய வகைப் பேனல் என்றால் கீலின் கோணம் மாறினாலே காமா மாறும். நேராகப் பார்க்கும் கோணத்தில் நிறுத்துங்கள். மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் கருவி தன் எடையிலேயே திரையோடு ஒட்டிக்கொள்ளும். கையால் அழுத்தினால் எல்சிடியில் அழுத்தம் பட்ட இடம் நிறம் மாறும், அளவும் தப்பும்.

மென்பொருளில் திரையின் வகையைச் சரியாகச் சொல்வது பலர் தவறவிடும் படி. கலரிமீட்டரின் கண்ணில் உள்ள வடிகட்டிகள் மனிதக் கண்ணோடு முழுக்க ஒத்தவை அல்ல. வெள்ளை எல்இடி, அகல வீச்சு எல்இடி, ஓலெட் ஒவ்வொன்றின் ஒளியும் வேறுவிதமாகக் கட்டப்பட்டது. வகையை மாற்றிச் சொன்னால், கருவி வெள்ளை என்று சத்தியம் செய்யும் இடத்தில் உங்கள் கண்ணுக்குப் பச்சை தட்டும். புரொஃபைலை ஐசிசி 2-ஆம் பதிப்பாகவே சேமியுங்கள். 4-ஆம் பதிப்பில் தடுமாறும் மென்பொருள்கள் இன்னும் இருக்கின்றன. கடைசியில் சரிபார்ப்பு ஓட்டத்தில், காட்ட வேண்டிய நிறத்திலிருந்து திரை எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லும் டெல்டா ஈ என்ற எண் வரும். அது 1-ஐ ஒட்டி இருந்தால் வித்தியாசத்தைக் கண் பிடிப்பதே கஷ்டம். லேப்டாப் திரையில் சராசரி 2-க்குள் வந்தால் மேற்கொண்டு நோண்ட வேண்டாம்.

"பிரிண்ட் இருட்டா வருது"

இந்தப் புகாருக்கும் நிறத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. திரையின் வெளிச்சம்தான் காரணம். பல லேப்டாப்கள் முழு பிரைட்னஸில் 250 முதல் 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை எரியும். அதைப் பார்த்து நிழல் பகுதி போதும் என்று முடிவு செய்தால், தானாக ஒளிராத காகிதத்தில் அது கறுத்துத்தான் நிற்கும். புகைப்பட வேலைக்கு 80 முதல் 120 நிட்ஸ் போதும். நம் வீடுகளில் 6500 கெல்வின் வெள்ளை டியூப் லைட்தான் பரவலாக எரிகிறது, திரையின் வெள்ளையோடு அது ஒத்துப்போவது ஒரு வசதி. ஆனால் அச்சுத் தொழிலில் காகிதத்தைப் பார்க்க ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒளி 5000 கெல்வின் அளவிலானது, சற்று மஞ்சள் கலந்தது. ஆகவே ஆல்பம் பக்கத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து "வெள்ளையே சரியில்லையே" என்று அச்சகத்தோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஜன்னலோரம் நேர்வெயில் படாத வெளிச்சத்தில் காகிதத்தைப் பார்த்துவிட்டு, அதன்பின் திரைக்கு வாருங்கள்.

வெளி மானிட்டரையோ டிவியையோ ஹெச்டிஎம்ஐயில் இணைத்ததும் கறுப்பு சாம்பலாகிவிட்டால் கேலிபிரேஷனைத் தேடாதீர்கள். வீடியோ மரபில் கறுப்பு 16-இல் தொடங்கி வெள்ளை 235-இல் முடியும். கணினி மரபில் 0 முதல் 255 வரை. ஒருபக்கம் ஒன்றும் மறுபக்கம் மற்றொன்றும் இருந்தால் படம் வெளிறும், அல்லது நிழல்கள் அப்பிக்கொள்ளும். டிரைவரின் அமைப்பில் முழு வீச்சைத் தேர்ந்தெடுத்து, டிவி மெனுவிலும் அதையே வைத்தால் தீர்ந்தது.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. இயங்குதளம் முழுவதுமே சீட்டைப் படிக்கும். ட்ரூ டோனையும் நைட் ஷிஃப்ட்டையும் அணைத்தாலே பெரும்பாலான குழப்பம் அடங்கும். 2021 முதல் வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோ என்றால் டிஸ்ப்ளே அமைப்பில் இருக்கும் ரெஃபரன்ஸ் மோடுகளில் வேலைக்கேற்றதை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் க்னோம், கேடிஇ இரண்டிலும் திரைவாரியாகப் புரொஃபைல் போடும் இடம் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. ஆர்கில் அங்கேயும் ஓடும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்த இரவல் புரொஃபைல். ஒரே மாடல் பெயரில் விற்கும் லேப்டாப்களுக்குள் வெவ்வேறு நிறுவனங்களின் பேனல்கள் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் மானிட்டரின் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தால் முதல் மூன்று எழுத்து பிஓஇ, ஏயுஓ, எல்ஜிடி, எஸ்டிசி என்று பேனல் தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும். உங்களுடையதும் புரொஃபைலைப் பகிர்ந்தவருடையதும் இந்த ஐடியிலேயே வேறுபட்டால் அந்தக் கோப்பால் கெடுதல்தான். ஐடி ஒன்றாக இருந்தாலும் அவர் பேனல் எரிந்த மணிக்கணக்கு வேறு, உங்களுடையது வேறு. பேக்லைட் வயதாக ஆகச் சாயல் மாறுகிறது. கருவி கையில் இல்லாதபோது, தயாரிப்பாளர் பெட்டியோடு கொடுத்த புரொஃபைலை மேலே சொன்ன மஞ்சள் சோதனையில் வைத்துப் பாருங்கள். தேறினால் அது இருக்கட்டும். தேறாவிட்டால் எஸ்ஆர்ஜிபி போதும். கருவி கிடைத்த அன்று அளந்து, கோப்பின் பெயரிலேயே தேதியையும் பிரைட்னஸ் சதவீதத்தையும் எழுதிவையுங்கள். டிரைவர் அப்டேட் ஆன மறுநாள் நிறம் மாறித் தெரிந்தால் முதலில் திறந்து பார்க்க வேண்டிய இடம் கலர் மேனேஜ்மென்ட் பட்டியல். அங்கே டிஃபால்ட்டாக அந்தப் பெயர் இருக்கிறதா, வேறு ஏதாவது வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.